கோடைக்குப் போட்ட மழைக்கணக்கு

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் மிதித்து அமிர்தவள்ளி படிக்க வைத்த மகள் கிறிஸ்டினா. வேலூரில் ஒரு கல்லூரியில் நிலத்தடி நீர் ஆராய்ச்சி செய்தாள். தோல் கழிவு மண்ணுக்கடியில் எந்தப் பக்கம் நகரும் என்று கணக்கிடும் கணினி நிரலை அவளே எழுதினாள். அவர்கள் தெருக்கோடியில் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று அவள் வரைபடம் காட்டியது. அது ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் வெளிவந்தது. நகராட்சி அதை நம்பி அங்கே போர் போட்டது. தெருவே அவளைக் கொண்டாடியது.

மறு கோடையில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. சோதித்தாள். தோல் பதனிடும் குரோமியம். நம்பாமல் மறுபடி சோதித்தாள். அப்புறம்தான் நிரலைத் திறந்தாள்.

எங்கும் பிழை தென்படவில்லை. கோடை நீரோட்டம் என்ற மாறியில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க, நடுவில் அதை ஒருமுறை திரையில் அச்சிடச் சொன்னாள். வரைபடமே மாறிப்போனது. கழிவு நேராகத் தெருக்கோடிக்கு வந்தது.

கிறிஸ்டினா நிரலை முதல் வரியிலிருந்து படித்தாள். பழைய கணினி திணறுகிறதே என்று, கேட்கும்போது மட்டும் கணக்கைப் போடும்படி மாறிகளை அவள்தான் அமைத்திருந்தாள். கோடை நீரோட்டத்தை எழுதிய இடத்தில் கணக்கு நடக்கவேயில்லை. சூத்திரம் மட்டும் காத்துக் கிடந்தது. அதற்குள் அடுத்த வரியில் மழை அளவை ஐப்பசிக்கு மாற்றியிருந்தாள். கடைசியில் கேட்டபோது நிரல் ஐப்பசி மழையை வைத்துக் கோடையைக் கணக்கிட்டுக் கொடுத்தது. இப்போது நடுவில் அச்சிடக் கேட்டதால், மழை மாறுவதற்கு முன்பே சரியான எண் கணக்காகிப் பதிந்துவிட்டது.

ஆராய்ச்சி வழிகாட்டி ரத்தினசாமியிடம் ஓடினாள்.

"கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பிடலாம்மா. எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார்.

"போர் போட்டாச்சே சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திருத்தம் சீக்கிரமே வெளிவந்தது. நகராட்சிக்கு அவள் நடையாய் நடந்தாள். வேறு இடத்தில் போர் போட இந்த வருஷம் வழியில்லை என்றார்கள். வீடு வீடாகப் போய் அவளே சொன்னாள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ இன்னாத்தடி குடிக்கிறது?" என்று மட்டும் பக்கத்து வீட்டு கெங்கம்மாள் கேட்டாள்.

லாரித் தண்ணீர் வந்தது, பிறகு கம்மியானது, பிறகு நின்றே போனது. போர்க் குழாயில் 'குடிக்க உகந்ததல்ல' என்று பலகை மாட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவள், அந்தப் பலகைக்குக் கீழே குடங்களோடு நின்ற வரிசையில் அம்மாவையும் பார்த்தாள்.

"அம்மா, சொன்னேனே!"

"குடிக்கலடி. சமைக்கத்தான் புடிக்கிறேன்" என்றாள் அமிர்தவள்ளி, மகளின் முகத்தைப் பார்க்காமல்.

குடம் நிரம்பியது. கிறிஸ்டினா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.