பந்தைக் காணாமல் ஊதின விசில்

நாலாவது டவுன். பத்து யார் தூரம் முன்னேற நாலு தரம் தருவினம், அதிலை கடைசித் தரம் அது. இன்னும் ஒரு யார்தான் மிச்சம். ஆட்டம் முடிய ஒரு நிமிசமும் இல்லை. நாலு புள்ளி பின்னுக்கு நிண்ட அணி உயிரைக் குடுத்து விளையாடுது. அந்த நேரம் பார்த்துத்தான் நான் விசிலை ஊதித் துலைச்சனான்.

புதுசா நடுவர் வேலைக்கு வாற பிள்ளையளுக்காக இதை எழுதுறன். வெட்கமாத்தான் கிடக்கு, எண்டாலும் ஒளிச்சு என்ன பலன்? கிழமை நாளிலை ஒஸ்லோவிலை பஸ் ஓட்டுறன், சனி ஞாயிறிலை அமெரிக்கன் ஃபுட்போல் நடுவர். "உருண்டைப் பந்தே உங்களுக்கு விளங்காது, முட்டைப் பந்துக்கு நடுவரோ?" எண்டு மனுசி இண்டைக்கும் நக்கலடிப்பா.

பின்னுக்கு நிண்ட அந்த அணியின்ரை கோச் அமெரிக்கக் காலேஜிலை விளையாடினவர். அங்கை பழகின ட்ரிப்பிள் ஒப்ஷன் எண்ட உத்தியை இஞ்சை கொண்டந்திட்டார். ஆட்டத்தை நடத்திற குவாட்டர்பாக் பந்தை நடுவாலை பாயிற ஃபுல்பாக்கிட்டைக் குடுக்கலாம், தானே வைச்சு ஓடலாம், இல்லாட்டி வெளிப்பக்கத்தாலை ஓடிவாறவனுக்கு எறியலாம். எதிரணியிலை ஒருத்தன் எந்தப் பக்கம் அசையிறான் எண்டு பார்த்து, ஓடுற ஓட்டத்திலைதான் முடிவெடுப்பான். எதிரணியை ஏமாத்திறதுதான் திட்டம். நடுவரும் ஏமாறுவார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

அண்டைக்குக் குவாட்டர்பாக், குரோருட் பக்கம் இருக்கிற எங்கடை தமிழ்ப் பெடியன் நிரோஷன். பந்தை ஃபுல்பாக்கின்ரை வயித்திலை வைச்சான். ஃபுல்பாக் தலையைக் குனிஞ்சு கும்பலுக்குள்ளை விழுந்தான். ஆள் விழுந்தாச்சு, கதை முடிஞ்சுது எண்டு ஊதிட்டன். நிமிர்ந்து பார்த்தால் பந்து நிரோஷன்ரை கையிலை! அப்பதான் அவன் ஆட்டம் தொடங்கின கோட்டுக்குப் பின்னாலை திரும்பிறான், முன்னுக்கு ஒரு காக்கா குருவி இல்லை. ஓடிப்போய் ஆறு புள்ளி டச்டவுனும் போட்டிட்டான். ஐயோ! விசில் ஊதினால் பந்து அந்த இடத்திலையே செத்துது. பிறகு ஓடினது ஒண்டும் செல்லாது.

தலைமை நடுவர் காரி எங்கள் அஞ்சு பேரையும் கூப்பிட்டா. "ஆர் ஊதினது? ஏன் ஊதினது?"

"குவாட்டர்பாக்கின்ரை முழங்கால் நிலத்திலை பட்டதைக் கண்டனான்" எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆரும் கேள்வி கேளாயினம். பந்தோடை முழங்கால் பட்டால் ஓட்டம் அங்கையே முடிஞ்சுது, பந்து எதிரணிக்குப் போகும், ஆட்டமும் முடியும். தவறுதலா ஊதினன் எண்டால், அந்த டவுனைத் திரும்ப விளையாட நிரோஷன்ரை அணிக்கு உரிமை இருக்கு. ஆனால் அந்த மைதானத்திலை தமிழர் ரெண்டே ரெண்டு பேர், நானும் நிரோஷனும். தன்ரை ஆளுக்கு இன்னொரு வாய்ப்புக் குடுத்திட்டான் எண்டுதான் எதிரணி சொல்லும். உண்மை சொன்னால் கள்ளன், பொய் சொன்னால் நடுநிலையாளன்! நல்ல நியாயம்.

"நான்தான் ஊதினனான். பந்தைக் காணேல்லை. என்ரை பிழை."

காரி என்னைக் கொஞ்சம் உத்துப் பார்த்தா. "சரி, டவுன் திரும்ப."

எதிரணிக் கோச் கத்தினார்: "அவன் என்ன, உன்ரை சொந்தக்காரனோ?" நான் பந்தை எடுத்துப் பழைய கோட்டிலை வைச்சன்.

அதே ட்ரிப்பிள் ஒப்ஷனைத்தான் திரும்பவும் விளையாடினவங்கள். இந்தமுறை விசிலை வாயிலை வைக்கவே இல்லை. நிரோஷன் பந்தோடை ஓடினான், மறிக்க வந்தவனைக் கண்டு வெளிப்பக்கம் எறிஞ்சான். பந்து மற்றவன்ரை விரலிலை பட்டு விழுந்துது. எதிரணி பாய்ஞ்சு அமுக்கிட்டுது. நிரோஷன்ரை அணி தோத்துப்போச்சு.

உடுப்பு மாத்திற அறைக்குப் போற வழியிலை நிரோஷன் வந்தான். ஏச்சு விழப்போகுது எண்டு நிண்டன்.

"மாமா, மூண்டு கிழமையா அந்த ஏமாத்தைப் பழகினனாங்கள். பக்கத்திலை நிண்ட உங்களையே பேய்க்காட்டிப் போட்டம், பாத்தீங்களே!" எண்டான். சிரிக்கப் பார்த்தான், முடியேல்லை, அழுதிட்டான். எனக்கும் கண் கலங்கிட்டுது. தோளிலை தட்டி, "மன்னிச்சுக்கொள்ளடா தம்பி" எண்டன்.

பிள்ளையள், பந்தைக் கண்ணாலை காணுமட்டும் ஊதாதேங்கோ. தவறி ஊதினால், முழங்கால் பட்டது எண்டு கதை கட்டாதேங்கோ. அண்டைக்கு நான் கட்டியிருந்தால், அந்தப் பெடியன்ரை முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டிருக்கேலாது.