இருபத்தொரு பூஜ்யம்

டிப்போவில் அப்பாவுக்குக் 'கல்லு' என்று பெயர். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். பல் பிடுங்கிய கையோடு போய் வண்டியை எடுத்திருக்கிறார். அவருடைய அப்பா இறந்த செய்தி வழியில் வந்தபோதுகூட, கடைசி நிறுத்தம்வரை ஓட்டிவிட்டுத்தான் இறங்கினார். இதையெல்லாம் சும்மா இருக்கும்போது சொல்லமாட்டார். வேறு யாராவது லீவு கேட்டால் சொல்வார்.

அப்படிப்பட்டவரை ஒரு தாள் மூன்று வாரமாக உட்கார வைத்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை சாலையின் குறுக்கே ஓடி வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். குழந்தைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. ஆனால் ஸ்டீயரிங்கைப் பற்றியிருந்த அப்பாவின் விரல்களைக் கண்டக்டர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாராம். அந்த மனிதர் அதை அறிக்கையிலும் எழுதிவிட்டார். புது நிர்வாகம், புது விதி: மனநல ஆலோசகர் கையெழுத்துப் போடும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. அதுவரை டீசல் பங்க் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே வரும் வண்டிகளின் எண்களை எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆலோசகர் கொடுத்த படிவத்தில் இருபத்தொரு கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் கெட்டதா, எரிச்சல் வந்ததா என்ற மாதிரி. இல்லையென்றால் பூஜ்யம், எப்போதும் என்றால் மூன்று. அப்பா இருபத்தொரு பூஜ்யம் போட்டுக் கொடுத்தார். எல்லாமே பூஜ்யம் என்றால் ஒழுங்காக நிரப்பவில்லை என்று பொருள், திரும்ப எழுதுங்கள் என்றார்கள். இரண்டாவது தடவையும் அதே இருபத்தொன்று. இந்தத் தடவை தாள் கிழியுமளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு. அன்றும் கையெழுத்துக் கிடைக்காவிட்டால் ஆறு மாதம் அந்த நாற்காலிதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறை மேசையில் படிவத்தை விரித்தோம். "நான் இந்தப் பஞ்சாயத்துக்கு வரல" என்று அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள். பேனா தங்கையிடம் இருந்தது.

"தூக்கம் சரியில்லை. என்னப்பா போட?"

"பூஜ்யம்."

"நீங்க நாலு மணிக்கு மேல தூங்கி நான் பாத்ததே இல்லையே."

"அது முப்பது வருஷமா இருக்கறது. அவங்க கேக்கறது ரெண்டு வாரக் கதை."

"நெஞ்சு படபடப்பு?"

"பஸ் ஓட்டறவனுக்கு நெஞ்சு படபடக்காம கொட்டாவியா வரும்?"

"அப்ப மூணு போடறேன்."

"பூஜ்யம் போடு!"

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழகிப்போன எதுவும் அவருக்குப் பூஜ்யம். ஒன்பது வயதில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது, "அழுதா எலும்பு கூடிடுமா?" என்று அவருடைய அப்பா கேட்டாராம். அழாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கிறார். அன்றைக்கு வைத்த அளவுகோலை அதற்குப் பிறகு யாரும் நகர்த்தவில்லை.

தங்கை வேறு ரகம். மேலாளர் கத்தினார் என்று போன மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். 'மனசு சரியில்லை' என்று காரணத்தையும் எழுதிக் கொடுத்தாள். அப்பாவுக்கு அது இன்னும் ஆறவில்லை.

"ஒருத்தன் சத்தம் போட்டதுக்கே சுருண்டு படுத்தவ நீ. எனக்குப் பாடம் எடுக்கறியா? மனசுக்கு லீவாம்! மனசென்ன மோட்டாரா, கழட்டி சர்வீஸுக்கு விட?"

"நான் மூணாவது நாளே வேலைக்குப் போயிட்டேன்ப்பா. நீங்கதான் மூணு வாரமா நாற்காலியில இருக்கீங்க."

படிவம் கசங்கி மேசைக்கடியில் போய் விழுந்தது. நான் குனிந்தேன். கசங்கியதை எடுத்து நீவி வைப்பதுதான் எங்கள் வீட்டில் என் வேலை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. மேசைக்கடியில் அப்பாவின் வலதுகால் தரையை ஓங்கி மிதித்தது. மேலே அவர் தங்கையைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். காலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. இன்னொரு வண்டி போனது. கால் மறுபடி மிதித்தது.

நீவிய தாளிலேயே இருபத்தொரு பூஜ்யத்தையும் அவரே போட்டு முடித்தார்.

மறுநாள் ஆலோசகரின் அறையில் வீட்டார் ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள். நான் மூலையில் உட்கார்ந்தேன். ஆலோசகருக்குத் தங்கை வயதுதான் இருக்கும்.

"சார், அன்னைக்குப் பிரேக் போட்டதும் என்ன ஆச்சு?"

"வண்டி நின்னுச்சு."

"உங்களுக்கு?"

"நானும் வண்டியிலதானம்மா இருந்தேன்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். "இப்பவும் எல்லாம் பூஜ்யமா? இதை வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது சார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

யார் கேட்டாலும் இல்லை என்று தலையாட்டுகிறவன் நான். அன்றைக்கு வாய் திறந்துவிட்டது. "அவர் கால்..." என்று ஆரம்பித்து, தெருவில் எது போனாலும் அந்தக் கால் பிரேக் போடுவதைச் சொன்னேன். அப்பா குனிந்து தன் வலதுகாலைப் பார்த்தார், யாரோ அங்கே விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல. ஆலோசகர் எழுதிக்கொண்டார். ஆறு மாதம் வேண்டாம், ஒரு மாதம் வாரத்துக்கொரு தடவை வாருங்கள், அப்புறம் கையெழுத்தைப் பார்க்கலாம் என்றார். நான் அதை லாபம் என்று நினைத்தேன்.

அப்பா எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அங்கே வந்ததும் வெடித்தார்.

"இந்தக் கால் தன்னால மிதிச்சதாலதான்டா அந்தப் புள்ள இன்னைக்கு உசுரோட இருக்கு. அதைப் போய் வியாதின்னு சொல்லிக் குடுத்துட்டியே."

குழந்தை அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டது, உங்கள் கால்தான் இன்னும் அந்தச் சாலையிலேயே நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம். வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் மிதிப்பதற்கு முன்பே அப்பாவின் கால் மிதித்தது. "பிரேக் போடற லட்சணத்தப் பாரு" என்று முணுமுணுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? அழுகை வருதா?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்படி இரு" என்றார். காலையிலிருந்து முதல் முறையாக அவர் முகம் தெளிந்தது.