இரண்டு வெள்ளைக் குட்டிகள்

ஐம்பதுகளின் நடுப்பகுதி. அப்புத்தளைக்கு மேலே, நண்பகலிலும் மூடுபனி விலகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஆங்கிலம் நன்றாக எழுதுவேன். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். இந்த இரண்டும் இருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் இருந்தது. அந்த நினைப்பு ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் துரைக்குத் தேயிலையைவிட முயலில்தான் பைத்தியம். சாதாரண முயல் இல்லை, கப்பலில் வந்த உயர்சாதி முயல்கள். சிஞ்சில்லா என்று பெயர். தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் சாம்பல் நிறம்தான். மடியில் வைத்து முதுகு ரோமத்தில் மெல்ல ஊதினால்தான் விஷயம் தெரியும். அடியில் கருநீலம், நடுவில் முத்து வெள்ளை, நுனியில் கறுப்பு என்று வட்டம் வட்டமாக விரியும். அந்த வட்டம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் பதுளைக் கண்காட்சியில் பரிசு கொடுப்பார்கள். ஒவ்வொரு முயலுக்கும் ஓர் அட்டை உண்டு. தாய், தகப்பன், அவர்களைப் பெற்றவர்கள், அதற்கும் முந்தியவர்கள் என்று மூன்று தலைமுறையின் பெயரும் நிறமும் அதில் இருக்கும். எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு தோண்டித் துருவ மாட்டார்கள். அந்த அட்டைகளை எழுதி வைப்பது என் பொறுப்பு.

முயல்களைப் பராமரித்தவள், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பெண் ஒருத்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். இளைப்பு நோய்க்காரி. மேல்மலைக்கு ஏறிக் கொழுந்து பறிக்க மூச்சு இடம் கொடுக்காது. அவளுடைய கணவன் தேயிலைத் தொழிற்சாலையில் விழுந்து இடுப்பு முறிந்து, எழும்ப முடியாமல் கிடந்தான். பிள்ளைகள் இல்லை. துரையின் பங்களாவில் இந்த முயல் வேலை இருந்ததால்தான் லயத்தில் ஓர் அறை அவர்களிடம் இருந்தது. வேலை போனால் அறையும் போய்விடும். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவள் முயல் வளர்த்த விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. ஈரப் புல் முயலுக்கு எமன். எங்கள் மலையிலோ வருடத்தில் பாதி நாள் புல் ஈரமாகத்தான் இருக்கும். அவள் புல்லை அறுத்துத் தொழிற்சாலைச் சூட்டறைச் சுவரோரம் பரப்பி, வாடிய பிறகுதான் கூட்டுக்குக் கொண்டுவருவாள். பனி இறங்கும் நாட்களில் ஒரு சட்டியில் கரி மூட்டி முயல் கொட்டிலில் வைப்பாள். அந்தப் புகை அவளுடைய நெஞ்சுக்கு ஆகாது. வெளியே நின்று இருமுவாள், மறுபடி உள்ளே போவாள். குட்டி போட்ட கூட்டுக்குள் கையை விடுமுன் தாய் படுத்திருந்த வைக்கோலை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொள்வாள். அந்நிய வாடை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பாள். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அந்த ஐப்பசி மழையில், துரை மிகவும் நம்பியிருந்த பெண் முயல் எட்டுக் குட்டி போட்டது. ஆறாம் நாள் துரையும் நானும் போய்க் கூட்டைத் திறந்து பார்த்தோம். ஆறு குட்டிகளில் சாம்பல் ரோமம் முளைத்திருந்தது. இரண்டு குட்டிகள் தூய வெள்ளை. துரையின் முகம் இறுகிவிட்டது. சிஞ்சில்லாவுக்கும் சிஞ்சில்லாவுக்கும் வெள்ளை எப்படிப் பிறக்கும்? அட்டையில் மூன்று தலைமுறையாக ஒரு வெள்ளையும் இல்லையே. விசாரித்து எழுத்தில் தரும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கொட்டில் பூட்டுக்கு ஒரே ஒரு திறப்பு, அது அவளிடம் இருந்தது. அவள் வீட்டு வாசலில் ஒரு பழப்பெட்டிக்குள் சிவப்புக் கண்ணோடு ஒரு வெள்ளை ஆண் முயல் இருந்தது. ஒன்றும் ஒன்றும் இரண்டு. நல்ல சாதிக் குட்டிக்கு ஆசைப்பட்டுத் தன்னுடைய முயலை உள்ளே விட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பேருக்கு ஒரு தடவை அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஐயா, தெறப்பு என் இடுப்புலதான் இருந்துச்சு, யாருக்கும் குடுக்கலீங்க. எங்க வீட்டு மொசலு பெட்டிய விட்டு எறங்கினதே இல்ல. சத்தியமாங்க" என்றாள்.

சத்தியத்தை அட்டையில் எழுத இடமில்லை. நான் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததற்குப் படி போட்டதுபோல அமைந்துவிட்டது. துரை இரண்டு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து, "உறுதியாகத்தான் சொல்கிறீரா?" என்று கேட்டார். அந்த மனிதர் ஓர் இடம் விட்டுத்தான் கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியாது என்று சொல்ல அப்போது ஒரு வாய்ப்பு இருந்தது. நான் "உறுதி" என்றேன்.

வேலையிலிருந்து நிறுத்தும் பற்றுச்சீட்டை நானே எழுதி அவள் கையில் கொடுத்தேன். பங்களா ஆள் என்பதால் தொழிற்சங்கத்தாலும் பெரிதாகப் பேச முடியவில்லை. அவள் அழவில்லை. திறப்பை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, "பெரிய மொசலு பச்சத் தண்ணி குடிக்காதுங்க. கொஞ்சம் வெதுவெதுன்னு வெச்சாத்தான் குடிக்கும். அத மட்டும் பாத்துக்கங்க" என்றாள். எட்டுக் குட்டிகளும் கலப்பு என்று துரை ஒதுக்கியதால், அவை பங்களாச் சமையல்காரனிடம் போய்ச் சேர்ந்தன.

அவர்கள் போனது ஒரு காலை நேரம். பெரட்டுக் களத்தில் ஆட்கள் எல்லாம் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடியிருந்தார்கள். அவளுடைய கணவனை ஒரு கம்பளியில் கிடத்தி நான்கு பேர் பிடித்துத் தூக்கிப் போனார்கள். பின்னால் தலையில் ஒரு தகரப் பெட்டியோடு அவள் போனாள். பழப்பெட்டியில் வளர்ந்த வெள்ளை முயலை முதல் நாளே யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் குனிந்தே இருந்தேன்.

அதற்குப் பிறகு திறப்பை நானே வைத்துக்கொண்டேன். தை மாதத்தில் அதே பெண் முயலை அதே ஆண் முயலின் கூட்டுக்கு என் கையால் எடுத்துப்போய் விட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து பூட்டினேன். பூட்டுக்கு மேல் பூட்டு. லயங்களில் இருந்து ஒரு வெள்ளை முயல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் வழியில்லை. முப்பத்தோராம் நாள் தாய் தன் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கிப் படுக்கை போட்டு ஏழு குட்டி ஈன்றது. ஐந்து குட்டிகளின் தோல் கறுத்து வந்தது. இரண்டு மட்டும் ரோசாவாகவே இருந்தன. நிறம் தாமதித்து வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள் அந்த இரண்டிலும் வெள்ளை ரோமம் பளபளத்தது.

நேராகப் பங்களா அலுமாரியில் இருந்த முயல் புத்தகத்தை எடுத்தேன். தீனி, கூடு, நோய் என்று முன்பு அதைப் படித்திருக்கிறேன். நிறத்தைப் பற்றிய அத்தியாயம் கொஞ்சம் கடினமாக இருந்ததால் விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் உட்கார்ந்து வாசித்தேன். சில சிஞ்சில்லாக்களில் வெள்ளை நிறம் வெளியே தெரியாமல் தலைமுறை தலைமுறையாக மறைந்து வருமாம். தாய், தகப்பன் இருவரிடமும் அது மறைந்திருந்தால் நான்கில் ஒரு குட்டி வெள்ளையாகப் பிறக்கலாமாம். அதோடு இன்னொன்றும் போட்டிருந்தது. தாயிடம் அந்த வெள்ளை மறைந்திருக்காவிட்டால், வெள்ளை ஆண் முயலோடு சேர்ந்தாலும் ஒரு குட்டிகூட வெள்ளையாகப் பிறக்காது. ஆக, குற்றம் அந்தக் கப்பலிலேயே வந்திருக்கிறது. லயத்தில் அதைத் தேடியவன் நான்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. துரை பார்க்க வருமுன் அந்த இரண்டு வெள்ளைக் குட்டிகளும் கூட்டில் இல்லை. எப்படி என்று கேட்காதீர்கள், முயல் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அட்டையில் ஐந்து குட்டி என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. அவளிடமாவது போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் அரித்தது. ஆனாலும் கிளம்புவதற்கு மேலும் இரண்டு மாதம் எடுத்தேன். தெமோதரைப் பக்கத்தில் கணவனின் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளையில் ரயில் ஏறினேன். ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மைல் நடந்தேன். ஒரு லயத்தின் கடைசி அறைக்கு வெளியே, கூரை இறக்கிச் சாக்கு கட்டிய ஓர் ஒதுக்கில் அவள் இருந்தாள். பாதி ஆளாகிவிட்டிருந்தாள். ரோட்டுக்குக் கல் உடைக்கப் போகிறாளாம். மூச்சு வாங்குவது எட்ட நின்ற எனக்கே கேட்டது. நெற்றியில் பொட்டு இல்லை.

என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்கய்யா" என்றாள். உட்கார ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திரும்பவும் வெள்ளைக் குட்டி பிறந்ததையும், புத்தகத்தில் படித்ததையும் சொல்லி, "உன்னில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலதான்" என்றேன். ஏதோ பெரிய காரியம் செய்து முடித்துவிட்டதுபோல நெஞ்சு லேசானது.

நான் உட்காராத பலகையை அவள் எடுத்துச் சுவரோரம் வைத்தாள். பிறகு சொன்னாள். "என் மேல பெசகில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்க. அவருக்குத்தான் தெரியாமப் போச்சு."

அவர் என்றது கணவனை. தோட்டத்தைவிட்டு வந்த நான்காம் மாதம் இறந்துவிட்டான். கடைசிவரை அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு கிடந்தானாம். "நெசமாச் சொல்லு, நீ தொறந்து விட்டியா? படிச்ச மனுசன் கைப்பட எழுதினது எப்புடிப் பொய்யாவும்?" இருபது வருடம் கூட வாழ்ந்தவன் அவளுடைய சத்தியத்தை நம்பவில்லை. அவனுக்கு வாசிக்கவே தெரியாத என் ஆங்கிலத்தை நம்பினான். நான் இரண்டு மாதம் முந்திக் கிளம்பியிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான். அந்தக் கேள்விக்குப் பதில் கேட்டுவிட்டுக் கண்ணை மூடியிருப்பான்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. "தொரைகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"அவருகிட்டயாவது சொல்லிருங்கய்யா. வேலைக்காக இல்ல. இனி அந்த மலையேற என்னால ஏலாது. நம்பித் தெறப்பக் குடுத்த மனுசன், என்னையக் களவாணின்னு நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது." அவ்வளவுதான் கேட்டாள். புறப்படும்போது, அந்தப் பெரிய முயல் நன்றாக இருக்கிறதா என்றும் விசாரித்தாள்.

சொல்லத்தான் போனேன். மறுநாள் பங்களா வாசல்வரை போய், கொழுந்து நிறுவையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் துரைக்கு மனம் சரியில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொன்னேன். அதற்கடுத்த மாதம் பெரிய கிளாக்கர் வேலைக்கு என் பெயர் அடிபட்டது. ஒன்றுக்கும் உதவாத காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து என் முன் வரிசையில் நின்றன. அப்படியே எட்டு மாதம் போயிற்று. துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் புறப்பட்டார். போகும் நாளில் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கி, ஒரு நற்சான்றுக் கடிதம் தந்தார். முயல் விஷயத்தில் உண்மையைக் கண்டுபிடித்ததை மறக்க மாட்டேன் என்றார். அப்போதும் வாய் திறக்கவில்லை. "நன்றி, ஐயா" என்றேன்.

என்னை நேர்மையானவன் என்று சொன்ன அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் பண்டாரவளைப் பக்கத்தில் பெரிய கிளாக்கர் உத்தியோகம் பெற்றேன். அவளை மறுபடி தேடிப் போகும் துணிவு எனக்கு வரவில்லை. அதற்கடுத்த மழைக்காலத்தை அவளுடைய நெஞ்சு தாங்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முயல் வளர்க்க ஆசைப்பட்டு இப்போதும் சிலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். புல்லை வாட்டிப் போடு, கூட்டில் ஈரம் சேர விடாதே, குட்டி நிறம் மாறிப் பிறந்தால் யார் மீதும் விரல் நீட்டுமுன் அதே சோடியை இன்னொரு முறை சேர்த்துப் பார் என்று சொல்கிறேன். முயல் விஷயத்தில் அவ்வளவு பொறுமை காட்டச் சொல்லும் நான், அவள் கேட்ட ஒன்றைச் செய்ய ஒரு நிமிடம் போதும் என்று தெரிந்தும் செய்யாமல் விட்டவன். அதனால், பேரப் பிள்ளைகளிடம் யாராவது "உங்கள் தாத்தா நேர்மையான மனிதர்" என்று சொல்லக் கேட்டால், இன்றைக்கும் அந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.