வெறும் வயிறும் கொஞ்சம் பொங்கலும்

இன்று காலை லேபில் என் மீசையில் ஒட்டியிருந்த நெய்யை முதலில் பார்த்தது ரத்தம் எடுக்கும் பெண்தான்.

"வெறும் வயிறுதானே சார்?"

"ஆமாங்க. வர்ற வழியில கோயில் பொங்கல் மட்டும் கொஞ்சம்."

ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

நேராக லேபுக்கு வந்து காத்திருந்த என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுட்டு யாராவது சுகர் டெஸ்டுக்கு வருவாங்களாப்பா?"

"பிரசாதமாச்சேம்மா. வேணாம்னு சொல்ல முடியுமா?"

"போன தடவையே பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னாரு இல்ல? நாளைக்கு கோயில் பக்கம் போகாம நேரா இங்க வரணும்."

பழியை அண்ணாமலையார் மேல் போட்டுவிட்டுத் தலையாட்டினேன்.

மகள் பேஸ்புக் பக்கம் வருவதில்லை என்ற தைரியத்தில், அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். யாரும் என்னைக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. ரிசல்ட்டுக்குப் பயந்து, நானே வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டேன்.