ரோலர் சத்தத்தில் மட்டும் கேட்ட குரல்

அந்தச் சத்தம் முதலில் காலில்தான் ஏறும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கும் கல்பாதையில் சவுக்கு மரங்களைத் தாண்டியதும் செருப்பில்லாத உள்ளங்காலில் ஒரு நடுக்கம் தொடங்கும். நடக்க நடக்க அது முழங்காலுக்கு வந்து, நெஞ்சுக்கு வந்து, கடைசியாகத்தான் காதுக்கு வந்து சேரும். கூடவே நசுங்கிய பச்சைக் கொழுந்தின் வாசமும் வரும். தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் தோட்டத்தில் "ஸ்டோரு" என்றுதான் பெயர். லிந்துலைப் பக்கத்து மலையில், பனி விலகாத காலை நேரங்களில், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது காலுக்குத் தெரிந்துவிடும்.

அப்பா அங்கே ரோலரில் வேலை செய்தார். வாட்டிய கொழுந்தைப் போட்டு உருட்டிப் பிழியும் பெரிய வட்ட இயந்திரங்கள் அவை. ஒன்று சுற்றினாலே பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. வரிசையாக எல்லாம் சுற்றினால் நாம் பேசுவதே நமக்குக் கேட்காது. அதனால் அந்த அறையில் யாரும் வாயால் பேசி வீணாவதில்லை. எல்லாம் கைதான். முஷ்டியை முறுக்கினால் அழுத்தத்தைக் கூட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் கொட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தொப்பி மாதிரிக் குவித்தால் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வருகிறார், வாயில் இருக்கும் வெற்றிலையைத் துப்பு. கையால் சொல்ல முடியாததை உதட்டை நன்றாக அசைத்துச் சொல்வார்கள். அடுத்தவர் உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொள்வார்.

பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அப்பாவுக்கு ரொட்டியும் சம்பலும் போத்தலில் "சாயத்தண்ணி" என்ற வெறுந்தேநீரும் கொண்டுபோவது என் வேலை. அவர் கதவருகே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே குந்துவார். நான் வகுப்பில் யார் யாருக்கு அடி விழுந்தது, எங்கள் நாய் யாருடைய கருவாட்டைத் தூக்கியது என்று ஒன்று விடாமல் சொல்வேன். கத்திப் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்த பிறகு குரலையே விட்டுவிட்டு உதட்டால் மட்டும் சொல்வேன். அப்பா சரியான இடத்தில் சிரிப்பார். சரியான இடத்தில் புருவத்தைத் தூக்குவார். என் சிறுவயதில் நான் சந்தோஷமாக இருந்த இடம் எது என்று கேட்டால், காது வலிக்கும் அந்த வாசலைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா வேறு ஆள். எங்களுடையது லயத்தில் ஒரே ஒரு அறை, "காம்பரா". அப்போது கரண்ட் கிடையாது. பொழுது சாய்ந்ததும் மூலையில் ஒரு குப்பி லாம்பு எரியும். அதன் வெளிச்சம் அதன் மேலேயே விழுவதற்குத்தான் போதும். அப்பா அடுப்பைப் பார்த்தபடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். "அப்பா" என்று கூப்பிடுவேன். பதில் வராது. திரும்பவும் கூப்பிடுவேன். வராது. என் அண்ணனுக்கு அப்போதுதான் குரல் உடைந்திருந்தது. அவன் வெளியிலிருந்தே ஏதாவது கேட்பான்; அப்பா உடனே, "என்னடா?" என்பார். பக்கத்துக் காம்பராவின் மாமா மெதுவாக ஒன்று சொன்னாலும் திரும்புவார். எனக்கு மட்டும்தான் இல்லை. அம்மாவுக்கும் இல்லைதான், ஆனால் அம்மா அதற்குப் பழகிவிட்டிருந்தார்.

"ஒங்கப்பனுக்குப் பொம்பளைங்க பேச்சு காதுல ஏறாதுடி. நானே கத்திக் கத்திச் சலிச்சுப்போயிட்டேன்" என்பார் அம்மா. மலையில் நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவருக்கு அதற்கு மேல் ஆராய நேரமில்லை. லயத்தில் மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள், சிரித்துக்கொண்டு சொன்னார்கள். எந்த வீட்டில்தான் ஆம்பிளை பெண் பேச்சைக் கேட்கிறான் என்பது அவர்கள் கேள்வி. அந்தப் பதில் எல்லோருக்கும் பொருத்தமாக இருந்ததால் வேறு காரணம் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

காம்பராக்களுக்கு நடுவே சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தக் கோடியில் இருமினால் இந்தக் கோடியில் கேட்கும். அவ்வளவு சத்தத்துக்கு நடுவே நான் தனியாகப் படுத்திருந்து கேட்ட சத்தம் ஒன்று உண்டு. தகரக் கூரைக்கு அடியில் வௌவால்கள் இருந்தன. மாலை மங்கும்போது அவை வெளியே கிளம்புவதற்கு முன் ஊசி நுனியால் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி மிக மெல்லிசாகக் கிறீச்சிடும். "அது கேக்குதா?" என்று அம்மாவிடம் கேட்டால், "எதுடி?" என்பார். அண்ணன் எனக்குப் பைத்தியம் என்றான். எனக்குக் கேட்பது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை, நான் சொல்வது அப்பாவுக்குக் கேட்கவில்லை. அந்த வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு வருடம் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் இடம் கிடைத்தது. ஒரு சவர்க்காரப் பெட்டியும் ஒரு பேனையும் பரிசு. வழியெல்லாம் ஓட்டமும் நடையுமாக வந்தேன். அப்பா வழக்கம்போல அடுப்பின் முன்னால், லாம்பு அவருக்கு முன்னால், நான் பின்னால். "அப்பா, எனக்குப் பேச்சுப் போட்டியில பரிசு கெடச்சிருக்கு" என்றேன். விறகைத் தள்ளினார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் பாதி திரும்பி, இருட்டில் நின்ற என்னைப் பார்த்து, "ம்" என்றார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பேச்சுக்குப் பரிசு வாங்கியவள் பைப்படிக்குப் போய் நின்று அழுதேன். அதற்குப் பிறகு வீட்டில் அப்பாவிடம் நானாகப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். ஸ்டோருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையையும் அண்ணன் தலையில் கட்டினேன். அப்பா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பது இன்னும் வலித்தது.

பிறகு லயத்துக்குக் கரண்ட் வந்தது. காம்பராவின் நடுவில் ஒரு பல்ப் தொங்கியது. அந்த முதல் மாலையில் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே திருவிழா மாதிரி உட்கார்ந்திருந்தோம். நான் அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கிட்டு, "அந்த டீச்சர் அப்புடியா சொல்லுச்சு?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசத் தொடங்கினார். ஸ்டோர் வாசலில் போல எதற்கெடுத்தாலும் இல்லை, ஆனாலும் பேசினார். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்த நேரம் அது. மகன் இல்லாத வீட்டில் மிச்சமாகிப்போன பாசம் எனக்கு வருகிறது என்று நான் கணக்குப் போட்டேன். மிச்சமென்றாலும் வேண்டாமென்று சொல்கிற நிலையில் நான் இல்லை. கரண்ட் போகும் நாட்களில் அப்பா மறுபடியும் பழைய அப்பாவாகிவிடுவார். அதை நான் கண்டேன், ஆனால் கூட்டிப் பார்க்கவில்லை.

இப்போது நான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வருடா வருடம் ஒலிப் பாடம் வரும். ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்பது மீடிறன்; மனிதக் காது இருபதிலிருந்து இருபதாயிரம் ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும்; அதற்கு மேலே கழியொலி, அது வௌவாலின் ராச்சியம். ஆனால் வௌவால்கள் தமக்குள் சண்டை போடும் சத்தத்தில் கொஞ்சம் சிறுபிள்ளைக் காதுக்கு எட்டும், வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிவிடும், ஆகவே கூரைக்குள் சத்தம் கேட்கிறது என்று சொன்ன பிள்ளைக்குப் பைத்தியமில்லை என்று பாடப் புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்வேன். டெசிபெல்லைச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. பூச்சிய டெசிபெல் என்றால் சத்தமே இல்லை என்று அர்த்தமில்லை, நல்ல காதுக்குக் கேட்கத் தொடங்கும் இடம் அது. அங்கிருந்து பத்து கூடினால் ஒலியின் வலு பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி, கத்திக் கத்தி விளக்கிவிட்டு, வாடகை அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. ஃபோனில் அப்பாவைக் கூப்பிட்டால், "சரி, சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுவார். அம்மா போய்ச் சில வருடங்களாகின்றன. வயதாகிவிட்டது, காது மந்தம் என்று நானும் அண்ணனும் சொல்லிக்கொண்டோம். விஞ்ஞான டீச்சர் என்ற பெயர்தான் மிச்சம்.

போன விடுமுறையில் அப்பாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதித்தேன். சின்ன அறை. அப்பாவின் காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். முதலில் கை தூக்கினார், தூக்கினார், பிறகு தூக்கவேயில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த நான், அவர் கை எழும் எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியில் அப்படியே கிடந்தது. சோதித்த சிங்களப் பெண் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் மட்டமாக வந்து, பிறகு மலையிலிருந்து ஆற்றுக்கு விழும் குறுக்குப் பாதை மாதிரி இறங்கியிருந்தது.

"அப்பா மெஷின் கிட்டயா வேலை செஞ்சது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"ஆமா, ரோலர்ல. நான் பொறக்குறதுக்கு முன்னுக்கே இருந்து."

"அப்ப இது வயசுக்கு வந்தது மட்டும் இல்ல. கீச்சுன்னு வர்ற மெல்லிய சத்தம்தான் முதல் போறது. ஆம்பிளை பேசினா கொஞ்சம் கேட்கும்." பென்சில் நுனியால் கோட்டின் மட்டமான பகுதியைத் தொட்டாள். பிறகு கோடு விழுந்த இடத்துக்கு மேலே, வெற்றிடத்தில் தொட்டாள். "பொம்பளை, சின்னப் பிள்ளை பேசுறதில முக்கால்வாசி இங்க. அது போய் நிறைய வருசம் இருக்கும். முகத்தைப் பார்த்துப் பேசுங்க, வெளிச்சத்தில நின்னு. அவருக்கு விளங்கும்."

வெளிச்சத்தில் நின்று. நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல்ப் எரிந்த அந்த மாலை என் முன்னால் வந்து நின்றது. பாசம் மிச்சமாகி வரவில்லை. வெளிச்சம்தான் வந்திருந்தது. தாளின் வெற்றிடத்தில் எங்கேயோ நான் சின்னப் பிள்ளையாக நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறையிலேயே கண் கலங்கிவிட்டது.

காது கேட்கும் கருவி ஒன்று வாங்கி மாட்டி அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தண்ணீர் கொதித்துக் கேத்தல் இரைந்ததற்குத் திடுக்கிட்டார். தகரத்தில் விழுந்த தூறலுக்கு மேலே பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே எதையோ சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"பாப்பா, ஒன் கொரலு இப்புடியா இருக்கு? நான் மெலிசா இருக்கும்னு நெனச்சேன்."

"கத்திக் கத்தித் தடிச்சுப்போச்சுப்பா. சின்னதுல மெலிசாத்தான் இருந்துச்சு."

"சின்னதுல நீ எங்க பேசுன? வீட்டுல வாயே தொறக்க மாட்ட. ஸ்டோருக்கு வந்தாத்தான் பேசுவ. அப்பறம் அங்கயும் வாறத நிப்பாட்டிட்ட." கிளாசைக் கையில் உருட்டினார். "எம்மேல என்ன கோவமோன்னு நெனச்சுக்கிட்டேன்."

"காது கேக்கலைன்னு ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

"கொஞ்சம் மந்தம்னு தெரியும். அதப் போயி சொன்னா ரோலர விட்டு எறக்கி மலை வேலைக்கு அனுப்பிருவாங்க. நீ பேசித்தான் கேக்கலைன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

எப்படித் தெரியும்? கேட்காத சத்தம் கேட்காமல் போனது யாருக்கும் தெரியாது. அவர் என்னைப் பேசாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தார், நான் அவரைக் கேட்காத அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரே காம்பராவில் இரண்டு பேரும் இத்தனை காலம் தனித்தனியாக இருந்திருக்கிறோம். அந்தச் சின்னக் குரலை இனி அவருக்குக் கேட்க வைக்கவும் வழியில்லை. எங்களிடம் டேப் ரெக்கோடர் இருந்ததில்லை. ஸ்டோரும் மூடிக் கிடக்கிறது. சவுக்கு மரங்களைத் தாண்டிப் போனால் காலில் எதுவும் ஏறுவதில்லை. கூரைக்கடியில் வௌவால்கள் இன்னும் இருக்கின்றன, எச்சம் விழுகிறது, ஆனால் எனக்கு அவை இப்போது ஊமை.

பொழுது சாயும்போது அப்பா கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரே எரைச்சல். நாளைக்குப் போட்டுக்கிறேன்" என்றார். உடனே மறுபடியும் அந்தப் பழைய தூரத்துக்குப் போய்விட்டார். நான் எழுந்து லைட்டைப் போட்டேன். கதிரையை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்தேன். குரலே இல்லாமல், ஸ்டோர் வாசலில் பேசியது போல உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன்: "அப்பா, எனக்குப் பேச்சுப் போட்டியில பரிசு கெடச்சிருக்கு."

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, "அப்புடியா? மொத எடமா பாப்பா?" என்றார்.

ஆமென்று தலையாட்டினேன். எந்த வருடத்துப் பரிசு என்று அவர் கேட்கவில்லை.