பார்சிலோனாவில் பதினைந்து நாள்

ட்யூஷன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, எங்கள் பசுந்தாங் பேட்டை இன்டர்நெட் கடையிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் திரைகளைப் படம் பிடித்து அதிகாரிகளிடம் கொடுக்கும்படி கடைக்காரர்களுக்கு உத்தரவு. அதனால் ஸ்பெயின் சுற்றுலாப் பக்கத்தை முன்னால் திறந்து வைத்துவிட்டு, சிப்பாய்கள் லாரியில் ஏற்றிப்போன என் அண்ணனைத் தேடுகிறேன்.

இன்று கடைக்கார மாமா என் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்புள்ளே, பதினஞ்சு நாளா பார்சிலோனாவுலயே நிக்கிறியே, எவன் நம்புவான்? வலென்சியா, மலகான்னு கொஞ்சம் நகரு."

உடனே மலகா கடற்கரைக்குப் போய்விட்டேன். அத்தனை வெயிலைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

அண்ணன் படம் போன பதிவில் இருக்கிறது. உயிரோடு பார்த்தவர்கள் "மலகாவில் நல்ல வெயில்" என்று மட்டும் எழுதுங்கள்.

மழை என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.