குவோக் கடையின் சிவப்பு வாத்து

ஷாங்காய் தெருவில் நான் சாவி வெட்டும் இடத்துக்கு நேர் எதிரே குவோக் குடும்பத்தின் சுட்ட வாத்துக் கடை. கடையைத் தொடங்கிய தகப்பனார் போன பிறகு மகள் யுக்லானும் தம்பி வாய்சுங்கும் நடத்துகிறார்கள். யுக்லான் பதினேழு வயதில் வெட்டுக்கட்டையின் முன் நின்றவள். அறுபத்தொன்றிலும் அங்கேதான் நின்றாள், குனிந்த தலை நிமிராமல்.

அவள் தலைக்கு மேலே, தெருவின் பாதிவரை நீட்டிக்கொண்டு, தகப்பனார் மாட்டிய விளம்பரப் பலகை, கண்ணாடிக் குழாய்களால் ஆன நியான் விளக்கு வாத்து, தொங்கியது. ஒரு புயலில் கம்பி அறுந்து ஒன்பது வருடமாக எரியவில்லை. அனுமதியில்லாத பலகை, அறுபது நாளில் அகற்றவும் என்று அரசிடமிருந்து கடிதம் வந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் வாய்சுங். யுக்லானும் வெட்டுவதை நிறுத்தாமலே சரி என்றாள். சோற்றுப் பொட்டலத்துக்காக நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன்.

கழற்றுகிற அன்று, பலகையைக் கழற்ற வந்த ஃபுங் மூங்கில் சாரத்தின் மேலிருந்து கேட்டான், கண்ணாடிக் குழாய்களை முதலில் உடைத்துவிடலாமா என்று. அதுதான் வழக்கம். யுக்லான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் இரு. ஒரு தரம் கிட்டப் போய்ப் பார்த்துக்கிறேன்."

"மேல வெட்டுக்கட்டை கிடையாதுக்கா," என்றான் ஃபுங். ஆனாலும் இறங்கி வந்து அவள் இடுப்பில் கயிறு கட்டினான். மேலங்கியோடும் ரப்பர் காலணியோடும் அவள் ஏறினாள்.

கீழிருந்து கதவளவு தெரிந்த வாத்து, பக்கத்தில் இரண்டு கட்டில் அளவு இருந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனிக் குழாய். நெருப்பில் காட்டிக் கையால் வளைத்தது. சிறகின் அடிப்பக்கம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அங்கேயும் வரிசையாக இறகுகள். அவள் வெகுநேரம் இறங்கவில்லை.

"யாருமே பார்க்க முடியாத பக்கத்துலயும் இதைச் செஞ்சவன் இறகு வெச்சிருக்கான்டா," என்றாள் தம்பியிடம். "இதை உடைக்க விடமாட்டேன்."

"எங்க வெப்ப? உன் படுக்கையிலயா?"

"நாலு மேசையத் தூக்கினா இடம் வந்துடும்."

அறுபத்து நாலு குழாய்கள். கழற்ற மூன்று நாளானது. தெருக்காரர்கள் மெத்தை விரிப்புகள் கொடுத்தோம், ஒவ்வொன்றையும் சுற்றிவைக்க. இரண்டுதான் விரிசல் விட்டன. கடையின் இரும்புக் கதவைப் பிரித்துத்தான் வாத்தின் இரும்புச் சட்டத்தை உள்ளே கொண்டுபோக முடிந்தது. சுவரோரமாக நிறுத்தியபோது அலகு கழிப்பறைக் கதவுவரை நீண்டது. வாய்சுங் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் வாடிக்கையாளர்களிடம் புலம்பினான்.

மின்வேலை செய்யும் யிம் என்ற பெண் வந்து, விரிசல் விட்ட குழாய்களை விலக்கி மற்றவற்றைச் சட்டத்தில் மாட்டி இணைத்தாள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்தாள். பிற்பகல் மூன்று மணி; மதியச் சாப்பாட்டுக் கூட்டம் போயிருந்தது. கதவைப் பாதி இறக்கி, விசையைத் தட்டினாள்.

வாலில் ஒரு துடிப்பு. பிறகு சிவப்பு, இறகு இறகாக ஏறிக் கழுத்துவரை ஓடியது. மெல்லிய ரீங்காரம். கொக்கிகளில் தொங்கிய வாத்துகள், ஈரமான கத்தி, வாய்சுங்கின் வெள்ளைச் சட்டை எல்லாம் சிவந்தன.

"உள்ள இருக்கிறது அன்னிக்கு அடைச்ச அதே வாயுதான்," என்றாள் யிம். "இத்தனை வருஷமா வெளிக்காத்து உள்ள போகவேயில்ல."

வாய்சுங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வெளியே இரண்டு பேர் குனிந்து கதவின் கீழாகப் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் யுக்லான் வெட்டுக்கட்டையைச் சிவப்பு வாத்து நிற்கும் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். இப்போது வாங்க வருபவர்களுக்கு அவள் முதுகுதான் தெரியும். வாத்து வெட்டவும் முன்னைவிட நேரம் எடுக்கிறாள். நாங்கள் காத்திருக்கிறோம்.